ஆபரேஷனுக்கு ஒரு கையெழுத்து

வெளிநாட்டில் அவர் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் தெரிந்தவன், தெரியாதவன், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் சூப்பர்வைசர், சம்பளச் சீட்டு கொடுக்கிற பெண், எல்லோருக்கும் அவர் மச்சான்தான். பழக்கிவிட்டது அவருடைய தங்கை வீட்டுக்காரர். மச்சான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, ஆவி அடிக்கும் அந்த நீளக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, "மச்சான், ரோலரை நிறுத்தட்டுமா?" என்று கத்தினார். கத்தினால்தான் காதில் விழுகிற இடம் அது. கேட்டவர்கள் அதுதான் ஆளின் பெயர் போலிருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள். மச்சானும் திருத்தப் போகவில்லை. "இருக்கிறது ஒரே தங்கச்சி. அத வெச்சுக்கிட்டு உலகத்துக்கே மச்சான் ஆயிட்டீங்களே" என்று மாப்பிள்ளை கிண்டலடிப்பார்.

அந்த மாப்பிள்ளைதான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர், விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். மறுமுனையைப் பிடித்திருந்தவர் மச்சான். ஆம்புலன்ஸ் வந்தது. போகும் வழியிலேயே முடிந்துவிட்டது, மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மச்சான் தலையாட்டினார். கூடத்துக்குத் திரும்பி வந்து, கீழே கிடந்த விரிப்பை உதறி, தனியாகவே மடித்து அடுக்கில் வைத்தார். அழவில்லை. அழுகை வரவில்லையே என்ற கவலைகூட வரவில்லை. உள்ளே யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும். தங்கைக்கு நேராகச் சொல்ல எந்த அண்ணனுக்கு வாய் வரும்? சித்தப்பாவுக்குப் போன் போட்டார். இந்தச் சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குடும்பத்தில் கல்யாணமோ சாவோ, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிற மனுஷன். நல்லவர்தான். ஆனால் அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது. அசைந்தால் மாதக் கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

"ஐயோ" என்றார் சித்தப்பா. அப்புறம் அவர் குரல் காரியக்காரர் குரலாக மாறிவிட்டது. "பாப்பாகிட்ட பொட்டுனு சொல்லிடாத. சீரியஸா இருக்காரு, ஐ.சி.யு.ல வெச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லு. அவ பொண்ணுக்கு வேற பரீட்சை நடக்குது. பாடி வர்ற அன்னிக்குக் காலைல நான் சொல்லிக்கிறேன்."

"அதுவரைக்கும் தாங்குமா சித்தப்பா?"

"எல்லாரும் பண்றதுதானடா. உங்கப்பா போனப்ப உங்கம்மாவுக்கு எப்படிச் சொன்னோம்? கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்."

அதுவும் வாஸ்தவம்தான். நம் வீடுகளில் யாரும் சட்டென்று சாவதில்லை. முதலில் சீரியஸ் ஆவார்கள். அப்புறம், டாக்டர் கையை விரித்துவிட்டதாகச் சொல்லி நம்மைப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். தெருமுனையில் இறங்கி, வாசலில் நாற்காலி போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் ஆள் செத்ததே தெரியும். ஆனால் அது ஒரு பஸ் பயணத்துக்குத் தாங்குகிற பொய். கடல் தாண்டி, ஒவ்வொரு ஆபீஸாக முத்திரை வாங்கி ஒரு உடல் ஊர் போய்ச் சேருவதற்கு இந்தப் பொய் போதுமா என்று சித்தப்பா யோசிக்கவில்லை. மச்சானுக்கு அப்போது யோசிக்கிற புத்தியே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, தங்கைக்குப் போன் போட்டு, சீரியஸ் என்றார்.

அதிலிருந்து தினமும் தங்கை கூப்பிட்டாள். கண்ணைத் திறந்தாரா, ஏதாவது குடித்தாரா, டாக்டர் என்ன சொன்னார். மச்சானுக்குப் பதில் சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம். அறையில் எதிரே மாப்பிள்ளையின் கட்டில் காலியாகக் கிடக்கும். துவைத்துப் போட்ட சட்டை ஜன்னல் கம்பியில் அப்படியே தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்குப் பரவால்ல பாப்பா, காய்ச்சல் இல்ல" என்பார். வாய் கூசவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல வந்தது.

ஒரு நாள் வேலை நேரத்தில் கூப்பிட்டாள். மச்சான் துணி அறைக்குள் போய் நின்றுகொண்டார்.

"அண்ணா, போனை அவர் காதுல கொஞ்சம் வைக்கிறியா?"

"உள்ள போன் விடமாட்டாங்க பாப்பா."

"நர்ஸம்மா கால்ல விழுந்தாவது கேளேன். நெனவில்லாட்டாலும் காது கேக்கும்னு சொல்றாங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சிடுறேன்."

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு பக்கமும் மடித்து அடுக்கிய தலையணை உறைகள். கொஞ்ச நேரம் பொறுத்து, "வெச்சுட்டேன், பேசு" என்று சொல்லி, போனை ஓர் அடுக்கின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். தங்கையின் குரல் பூச்சி கத்துவதுபோலச் சின்னதாகக் கேட்டது. பொண்ணு கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள், மோட்டாரைச் சரி பண்ணியாயிற்று, நீங்கள் எதற்கும் கவலைப்படாமல் எழுந்து வாருங்கள். அவள் நிறுத்தியதும் மச்சான் போனை எடுத்தார்.

"கேட்டாராண்ணா?"

"கேட்டாரு. வெரல் லேசா அசைஞ்சுது."

விரல் அசைந்தது என்று சொல்லச் சொல்லி எந்தச் சித்தப்பாவும் கேட்டுக்கொள்ளவில்லை. அது அவராகச் சேர்த்தது. ஏன் சேர்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வெளியே வந்து துணி தேய்க்கிற ரோலர் பக்கம் நின்று வேலையைப் பார்த்தார்.

போலீஸ், ஆஸ்பத்திரி காகிதங்களை எல்லாம் கம்பெனி ஆள் அலைந்து வாங்கிக் கொடுத்துவிட்டான். மிச்சம் இருந்தது தூதரக அனுமதி ஒன்றுதான். அதற்கு உறவுக்காரர் போக வேண்டும் என்றான். மச்சான் லீவு சொல்லிவிட்டுப் போனார். வாசலில் போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தார்கள். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவர்கள், பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு முணுமுணுத்துக்கொண்டு போகிறவர்கள். ஒரு கைக்குழந்தையை அதன் அப்பன் ஜன்னல் கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி ஜன்னலில் கூட்டமே இல்லை. அங்கே போகிற வேலை யாருக்கும் வர வேண்டாம்.

ஜன்னலில் இருந்த அதிகாரி நம்மாள். நன்றாகத் தமிழ் பேசினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"எந்த வழியில?"

"அவர் சம்சாரம் என்கூடப் பொறந்த தங்கச்சி."

"சம்சாரம் உயிரோட இருக்காங்க இல்ல? அப்போ உங்க கையெழுத்து செல்லாது. உடம்ப அனுப்புறதுக்கு அவங்க சம்மதக் கடிதம் வேணும். இந்த மாதிரி டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க" என்று மாதிரிக் கடிதம் ஒன்றைத் தள்ளினார்.

வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் மச்சான் வந்தாரா என்றுதான் முதல் கேள்வி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனால் அவர் ஒப்புக்குச் சப்பாணி. மச்சானுக்கு அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வெளியே வந்து போனை வாங்கி, மாதிரிக் கடிதத்தைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினார்.

"இனிமே மறைக்க முடியாது சித்தப்பா. கையெழுத்து வேணும்னா சொல்லித்தான் ஆகணும்."

"அதுக்கு எதுக்குடா சொல்லணும்? இங்கிலீஷ்லதான இருக்கு. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில கேக்குறாங்கன்னு சொல்லி நான் வாங்கிடுறேன். பொண்ணுக்கு இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி."

தங்கைக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். கூட்டிப் படித்திருந்தாலும் ஒன்றும் பிடிபட்டிருக்காது. அரசாங்க இங்கிலீஷில் செத்தவனைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். இது தப்பு என்று மச்சானுக்குத் தெரியாமலில்லை. சண்டை போடத் தெம்பு இல்லை. "உங்க இஷ்டம்" என்றார். பெரிய தப்புகள் பாதிக்கு மேல் இந்த இரண்டு வார்த்தையில்தான் நடக்கின்றன.

ஆனால் தங்கை விவரமானவள். சித்தப்பா நீட்டிய தாளில் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. அவரை உட்கார வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஆபரேஷனுக்குன்னு சித்தப்பா ஒரு தாள் கொண்டாந்திருக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. நெஞ்சத் தொறந்து பண்ணுவாங்களாமே. எனக்கு என்னமோ பயமா இருக்கு. வேணாம்னுதான் தோணுது. நீ என்ன சொல்ற?"

"போடு பாப்பா."

"நீ படிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். ஆபரேஷனுக்குத்தான்."

"சரி. நீ சொன்னா போடுறேன்."

போட்டாள். கையெழுத்தின் படம் அன்றைக்கே வந்தது. சித்தப்பா அசல் தாளைக் கூரியரில் போட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

கூரியர் வந்ததும் மச்சான் மறுபடி தூதரகத்துக்குப் போனார். மறுபடி போனைப் பெட்டியில் போட்டு, வில்லையை வாங்கி, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி ஜன்னலுக்கு வந்தார். அதிகாரி கடிதத்தை வாசித்தார். கையெழுத்தைக் கூடவே வந்திருந்த தங்கையின் பாஸ்போர்ட் நகலோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒரு நிமிஷம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முத்திரை வெச்சிடுறேன்."

"யார்கிட்ட சார்?"

"உங்க தங்கச்சிகிட்டதான். போன தடவ ஒரு கேஸ்ல அண்ணன் தம்பி ஒரு பக்கம், சம்சாரம் ஒரு பக்கம்னு பெரிய ரகளை ஆயிடுச்சு. அதுலேர்ந்து நேரா பேசாம நாங்க எதையும் நகத்துறதில்ல." சொல்லிக்கொண்டே அவர் கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அழுத்த ஆரம்பித்தார்.

மச்சானின் கை தன்னால் சட்டைப் பையைத் தடவியது. போன் வாசல் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. கையில் பிளாஸ்டிக் வில்லைதான் இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவருக்கு உள்ளங்கை வியர்த்தது.

"சார், வேணாம் சார். அவளுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"மாப்ள இறந்தது."

அதிகாரி ரிசீவரை வைத்தார். கடிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "அப்போ எதுக்குன்னு நெனச்சு இதுல கையெழுத்துப் போட்டாங்க?"

"ஆபரேஷனுக்குன்னு சொல்லி வாங்கினோம்."

அவர் கத்தியிருந்தால் மச்சானுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். கோப்புகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் கிடந்தது. உட்காரச் சொல்லி, டெலிபோனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது செல்லாதுங்க. இத வெச்சு நான் எதுவும் பண்ண முடியாது. இன்னிக்கு விட்டா அப்புறம் லீவு. சவக்கிடங்குல அதுவரைக்கும் அப்படியேதான் கெடக்கணும். இப்போ அவங்க விஷயம் தெரிஞ்சு, என்கிட்ட வாயால சம்மதம்னு சொல்லட்டும். நான் குறிச்சுக்கிட்டு அனுமதி குடுத்துடுறேன். புதுக் கடிதம் பின்னால வரட்டும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நீங்களே சொல்லிவிடுங்கள் என்ற வார்த்தை மச்சானுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. எவ்வளவு சௌகரியம். எழுந்து வெளியே போய், அந்தக் கைக்குழந்தைக்காரன் மாதிரி யாராவது இருந்தால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முன்பின் தெரியாத ஒரு குரல் தங்கையிடம் விஷயத்தைச் சொல்லி முடித்திருக்கும். நினைக்கும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ரிசீவரை எடுத்துக்கொண்டார். அதிகாரி எண்ணை அழுத்தினார்.

"யாரு?" என்றாள் தங்கை. பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"அண்ணன் பாப்பா."

"இது யார் நம்பர்? ஆஸ்பத்திரி நம்பரா? ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"பாப்பா, கொஞ்சம் உக்காரு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "உக்காந்துட்டேன். சொல்லு."

"மாப்ள போயிட்டாரு பாப்பா."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு அவள் அலறுவதற்காகக் காத்திருந்தார். அலறல் வரவில்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அடங்கின குரலில் கேட்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டதாலயாண்ணா?"

"என்ன பாப்பா?"

"வேணாம் வேணாம்னு மனசு அடிச்சுக்கிச்சு. அப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்கணும். நான்தான் போட்டேன். நான் போடாம இருந்திருந்தா நெஞ்சுல கத்தி வெச்சிருக்க மாட்டாங்க. இருந்திருப்பாருல்ல. நான்தான கொன்னுட்டேன்."

இப்போது ஆமாம் என்றால் போதும். ஆபரேஷனில் போய்விட்டார், டாக்டர் எவ்வளவோ முயற்சி செய்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால், தொடங்கின பொய் தன்னாலேயே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சித்தப்பா மானம் பிழைக்கும், அண்ணன் மானம் பிழைக்கும். தங்கை மட்டும் மிச்ச காலம் பூராவும் தன் வலது கையைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டும். இத்தனை நாள் மரத்துக் கிடந்த மச்சானுக்கு அப்போதுதான் நெஞ்சில் வலித்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷனே நடக்கல பாப்பா. நீ போட்ட கையெழுத்தால ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எப்படி?"

"அன்னிக்கே போயிட்டாரு. வேல செய்ற எடத்துல சாஞ்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிடுச்சு."

"எந்த அன்னிக்கு?"

"சீரியஸா இருக்காருன்னு மொத மொத போன் பண்ணினேனே. அன்னிக்கு."

அவள் கணக்குப் போடுகிறாள் என்று மச்சானுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பேசியது ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

"வெரல் அசைஞ்சுதுன்னியே."

"அசையல பாப்பா."

"காய்ச்சல் இல்லன்ன."

"பொய்தான். எல்லாமே பொய்தான்." மச்சானுக்குக் குரல் உடைந்தது. மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அதிகாரி ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து மேஜையில் அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ தாங்கமாட்டன்னு நெனச்சோம். பொண்ணுக்குப் பரீட்சைன்னு நெனச்சோம். தப்புப் பண்ணிட்டேன் பாப்பா."

"அப்போ அந்தத் தாள்?"

"அது எம்பசிக்கு. உடம்ப ஊருக்கு அனுப்ப உன் சம்மதம் வேணும்னு கேட்டாங்க. நான் இப்போ அங்கதான் இருக்கேன். நீ மறுபடி வாயால சொன்னாத்தான் அனுப்புவாங்களாம். பக்கத்துல சார் இருக்காரு. அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் ஒரு தடவ படிச்சுச் சொல்லிடுறேன், நீ சரின்னு மட்டும் சொல்லு."

கடிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"வேணாம்" என்றாள் தங்கை. குரலில் அழுகை இல்லை. "நீங்க படிக்க வேணாம். போனை அந்த சார்கிட்ட குடுங்க. அவர் படிக்கட்டும்."

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் அவரை நீங்க என்று சொன்னதில்லை. மச்சான் கடிதத்தையும் ரிசீவரையும் அதிகாரியிடம் நீட்டினார்.